ஆக்கம் பொதுவாயின் காப்பு எவர் கையில்?

திறமூல மென்பொருள் என்றவுடன், எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையே நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வுரிமை மெய்யே. ஆயின், மென்பொருள் ஒருமுறை வெட்டி நிறுத்திய கல்வெட்டன்று. நாள்தோறும் அதிற் பிழைகள் வெளிப்படும். அவற்றைத் திருத்துபவர் யார், திருத்தியதை எவர்க்கு, எப்போது கொடுப்பார் என்பதே ஆராயத்தக்க வினா. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். வீடு வாடகையின்றிக் கிடைக்கும். கூரை ஒழுகினால் நிருவாகத்தின் மனம் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

இதற்குக் ‘கியூட்’ என்னும் மென்பொருளின் வரலாறு தக்க சான்றாகும். கணினித் திரையிலே தோன்றும் சாளரம், பொத்தான், பட்டியல் முதலியவற்றை அமைக்க உதவும் கருவித் தொகுதி அது. நார்வே நாட்டு டிரோல்டெக் நிறுவனம் 1995-இல் அதனை வெளியிட்டது. 1996-இல் ஜெர்மனியில் தோன்றிய கே.டி.ஈ. என்னும் தன்னார்வலர் இயக்கம் அதனையே தன் அடித்தளமாகக் கொண்டது. ஓவியர் கையாளும் கிரித்தாவும், சிறுவர் விளையாடிக் கற்கும் ஜிகாம்பிரிசும் இன்று அதன்மேல் நிற்பவையே.

அடித்தளம் வணிகர் கையில் இருப்பதன் இடரை அவ்வியக்கத்தார் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். 1998-இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, அதனைக் காக்க ஓர் அறக்கட்டளையும் அமைத்தனர். கட்டற்ற பதிப்பு பன்னிரண்டு மாதம் வெளிவராது போயின், கியூட்டைத் தடையில்லா உரிமத்தின்கீழ்ப் பொதுவில் வெளியிடும் அதிகாரம் அவ்வறக்கட்டளைக்கு உண்டு. கியூட் பின்னர் நோக்கியா, டிஜியா எனக் கைமாறி இன்று கியூட் கம்பெனியிடம் உள்ளது. ஒப்பந்தமும் அதனைத் தொடர்ந்தே வந்துள்ளது.

2020 ஜனவரியில் கியூட் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. நெடுங்காலம் பழுதுநீக்கப்படும் பதிப்புகள் இனிக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றோர்க்கே உரியவை என்றது. அதன்படி 2021 ஜனவரித் தொடக்கத்தில் 5.15-ஆம் பதிப்பின் பராமரிப்புக் கிளை பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டது. அதன்பின் வந்த திருத்தப் பதிப்புகள் ஓராண்டு கழித்தே பொதுவுக்கு வரலாயின. 6.0 பதிப்பு 2020 டிசம்பரிலே வெளிவந்துவிட்டதே, அதற்கு மாறினால் என்ன என்று கேட்கலாம். இணையப் பக்கம் காட்டும் பகுதியும், ஒலி-ஒளிப் பகுதியும் அதில் இல்லை. அவை 2021 செப்டம்பரில் 6.2 பதிப்புடனேதான் வந்தன. புதுமனைக்குக் கூரை வேயுமுன் பழைய மனையின் பழுதுபார்ப்பை நிறுத்தியது போன்றது இச்செயல்.

நிறுவனத்தின் தரப்பையும் நாம் ஒதுக்கலாகாது. பொறியாளர்க்கு ஊதியம் அளிப்பது அதுவே. பழைய பதிப்பைப் பேணுவது புகழ் தராத, சலிப்பூட்டும் வேலை. அதனால் பயன்பெறுவோர் ஒரு காசும் கொடாதிருப்பது முறையா என்னும் கேள்வி நேர்மையானதே. ஆயினும் ஒன்று கூறவேண்டும். கியூட்டுக்குத் திருத்தம் அளிக்கும் வெளியார், அதனை வணிக உரிமத்தின்கீழும் விற்கும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கின்றனர். பிழை கண்டு சொன்னவரும், அதனைத் திருத்திக் கொடுத்தவரும் உள்ளூர் ஊழியரல்லர் என்பதற்காக வாயிற்புறத்தில் ஓராண்டு நிறுத்தப்படுவது நன்றியுடைமை ஆகாது.

கே.டி.ஈ. இயக்கத்தார் வெறுமனே முறையிட்டுக் கொண்டிருக்கவில்லை. 2021 ஏப்ரலில், திறந்திருந்த ஆறாம் பதிப்பின் திருத்தங்களுள் வேண்டுவனவற்றைத் தெரிந்து, 5.15-க்குப் பொருத்தி, ஒரு திருத்தத் தொகுப்பாகப் பேணத் தொடங்கினர். அவர்தம் திரைச்சூழலாகிய பிளாஸ்மா, 2024 பிப்ரவரியிலேதான் ஆறாம் பதிப்புக்கு முழுதும் மாறியது. அதுகாறும் அத்தொகுப்பே துணை நின்றது. மூல நிரல் திறந்திருந்தமையால் இது கைகூடியது. திறமூலத்தின் வலிமை இதுவே. ஆனால் புதியன படைக்க வேண்டிய தன்னார்வலரின் நேரம் பழையதை ஒட்டுப்போடுவதிற் செலவாயிற்று. அத்துணைப் பெரிய இயக்கத்துக்கு இது இயன்றது. ஓரிருவர் நடத்தும் சிறு திட்டங்கள் தனித்து நின்றிருந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, உரிமம் தரும் விடுதலை ஒன்று. பராமரிப்புத் தரும் விடுதலை மற்றொன்று. முன்னது எழுத்தில் உள்ளது. பின்னது உழைப்பில் உள்ளது. பள்ளிக்கு ஒரு மென்பொருளைத் தேரும் ஆசிரியர், விலை இல்லை என்பதோடு மனநிறைவு அடைதல் கூடாது. இதனைப் பழுதுபார்ப்பவர் யார், எத்துணை ஆண்டுக்கு, அவர் கைவிடின் எழுத்து மூலமான காப்பு உண்டா என மூன்று வினாக்களைக் கேட்டறிதல் வேண்டும். 1998-இல் சில இளைஞர் அவ்வாறு கேட்டு எழுதி வாங்கியதனாலேயே, ‘ஓராண்டு’ என்னும் எல்லை இன்றும் நிற்கின்றது. பயன்கொள்வோராகிய நாமும் பொருளோ உழைப்போ இயன்ற அளவு அளித்தாலன்றி, அவ்வெல்லையைக் காக்கும் உரிமை நமக்கு முழுமையாக இராது.