நூலின் முதுகில் ஒரு வாக்கியம்

நூல்நிலையத்துப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டையும், அதில் எழுத்தும் எண்ணும் புள்ளியும் விரவி நிற்கும் வரியையும், அலமாரியில் இடம் காட்டுவதற்கு இட்ட குறியென்று மட்டும் கொண்டு நகர்ந்துவிடுகிறவர்கள், உயர்ந்ததொரு ரசானுபவத்தை இழந்துவிடுகிறார்கள் என்றே சொல்லவேண்டும். சீர்காழியில் 1892-ல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு முறையில் அமைந்த எண்ணானால், அதனை ஒரு வாக்கியத்தைப் போல வாசித்து மகிழலாம்.

அவருக்கு முன் பெருவழக்காயிருந்தது, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசாம்ச முறை. அறிவு முழுவதையும் பத்தாகவும், ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகவும் பிரித்துச் செல்லும் அதன் எளிமை போற்றத்தக்கதே. ஆயினும், ஆங்கில இலக்கியம் 820 என்ற மூன்றே இலக்கங்களில் விசாலமாக வீற்றிருக்க, தமிழ் இலக்கியமோ எத்தனையோ மொழிகள் நெருக்குண்டு கிடக்கும் 890-க்குள் புகுந்து, 894.811 என்னும் கோடியில் போய் ஒதுங்க நேர்கிறது. கோலன் முறையில் இலக்கியத்துக்கு ஓ என்னும் ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31, ஆகவே ஓ31 என்றவுடனே தமிழ் இலக்கியம் வந்துவிடுகிறது.

நூலகவியல் பயில லண்டனுக்குச் சென்றிருந்தபோது, செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெருங்கடையில் ரங்கநாதன் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே பட்டைகளையும் சக்கரங்களையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்ட, வெவ்வேறு பொம்மைகள் உருவாவதைப் பார்த்தவருக்கு, விஷயங்களையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்து வேண்டியபோது பூட்டிக்கொள்ளலாமே என்ற யுக்தி உதித்தது. பூட்டும் திருகாக அவர் முதலில் கொண்டது, கோலன் எனப்படும் முக்காற்புள்ளி. 1933-ல் நூலாக வெளிவந்த அம்முறையில், பிற்காலத்தில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் ஒற்றைப் புள்ளியும் மேற்கோள் குறியும் வந்து சேர்ந்தன.

எல்,45;421:6;253:எஃப்.44'என்5 என்ற எண்ணைப் பாருங்கள். எல் வைத்திய சாஸ்திரம், 45 நுரையீரல், 421 க்ஷயம், 6 சிகிச்சை, 253 எக்ஸ் கதிர், எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 என்பது 1950. நுரையீரல் க்ஷயத்துக்கு எக்ஸ் கதிரால் செய்யும் சிகிச்சையைப் பற்றி இந்தியாவில் 1950-ல் நடந்த ஆராய்ச்சி என்று முழுதும் விளங்கிவிடுகிறது. இதன் பரம சௌந்தரியம் வாலிலிருந்து தறித்துக்கொண்டு வருவதில்தான் வெளிப்படும். என்5-ஐ நீக்கினால் காலம் நீங்கும். 44-ஐ நீக்கினால் தேசம் நீங்கும். இப்படியே ஒவ்வோர் உறுப்பாகக் கழித்துவர, விஷயம் படிப்படியாக விரிந்து, எந்தப் படியிலும் பொருள் சிதையாமல், இறுதியில் வைத்தியம் என்ற ஓரெழுத்தில் வந்து நிலைக்கிறது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று நன்னூல் படித்த தமிழருக்கு, ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ரங்கநாதன் வகுத்த ஐந்து அடிப்படைகளும் பழகிய முகங்களாகவே தோன்றும்.

இலக்கியத்துக்கு வரும்போது அவர் செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு எல்லாவற்றினும் இனியது. ஆசிரியரை அகராதி வரிசையில் நிறுத்தாமல், பிறந்த ஆண்டைக் கொண்டு நிறுத்துகிறார். 1800 முதல் 1899 வரையிலான நூற்றாண்டுக்கு எம் என்பது குறி, கவிதைக்கு 1. ஆகவே 1882-ல் பிறந்த பாரதியாரின் எண் ஓ31,1எம்82. அவருக்கு இடப்புறம் எம்76 ஆகிய கவிமணி. வலப்புறம் எம்88 ஆகிய நாமக்கல் கவிஞர். அப்பால் எம்91 ஆகிய பாரதிதாசன். நூற்றாண்டு மாறியதும் என்27 என்று கண்ணதாசன். அலமாரி ஓரமாக மெல்ல நடந்தாலே, மூத்தவரும் இளையவருமாகக் கவிஞர்கள் வயது முறைப்படி நிற்கக் காணலாம். தமிழ்க் கவிதையின் சரித்திரம் கண்ணெதிரே விரியும். இதற்கு ஈடான சுகத்தை அகராதி வரிசை ஒருநாளும் தராது.

எண் நீளுகிறது, சீட்டில் அடங்குவதில்லை, எடுத்து வைக்கும் சிப்பந்திக்குப் புள்ளிகள் தடுமாற்றம் தருகின்றன என்ற குறைகளை மறுப்பதற்கில்லை. உலகத்து நூல்நிலையங்களில் பெரும்பாலானவை டூயியின் எளிமையையே விரும்பி நின்றமைக்கு அதுவும் ஒரு காரணம். எனினும், நுண்ணிய விஷயத்துக்கு நுண்ணிய பெயர்தான் தகும் என்பது என் துணிபு. உபயோகக் கலைகளுக்கும் நுண்கலைகளுக்கும் நடுவே, டெல்டா என்னும் கிரேக்க எழுத்தை அமைத்து, ஆத்மானுபவத்துக்கென்று தனி ஸ்தானம் அளித்தவரின் கணக்கு, வெறும் சிக்கனத்துக்குக் கட்டுப்படாதது இயல்பே.

பகுப்பெண்ணுக்குக் கீழே நூலெண் என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் பதிப்பாண்டைக் குறிக்கும்: 1930-களுக்கு ஜி, 1940-களுக்கு எச், 1950-களுக்கு ஜே. ஜி3 என்றிருந்தால் அந்தப் பிரதி 1933-ல் அச்சானது. ஜே4 என்றிருந்தால் 1954-ல். ஒரே விஷயத்தைப் பற்றிய பழைய நூல் இடப்பக்கமும் புதியது வலப்பக்கமுமாக நிற்பதால், அண்மைக் கருத்தை நாடி வருபவர் வலக்கோடியிலிருந்து எடுக்கத் தொடங்கலாம்.