பிளாஸ்டிக் நிலத்தின் உரிப்பொருள்

ஒரு பிளாஸ்டிக் ஆட்டுக்காக 13 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. லெகோ நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஒரு பெட்டியில் அந்த ஆடு வந்தது. ஆலையுள்ள ஒரு கிராமத்தைக் கொள்ளையர் தாக்குவது அந்தப் பெட்டியின் கதை. அதன் பிறகு ஆடு பல ஆண்டுகள் கடைப் பக்கம் வரவில்லை. பழைய துண்டுகள் கைமாறும் சந்தையில் அதன் விலை ஏறிக்கொண்டே போனது. 2024இல் 3304 துண்டுகள் கொண்ட இடைக்கால நகரச் சதுக்கப் பெட்டியில் அது திரும்பி வந்தபோது, சதுக்கத்து வீடுகளை விட்டுவிட்டு எல்லாரும் ஆட்டைப் பற்றியே பேசினார்கள். பேசியவர்களில் சிறுவர்கள் குறைவு. முப்பதையும் நாற்பதையும் கடந்தவர்களே அதிகம். நானும் அதில் ஒருவன்.

ஆடு எதற்கு என்றால், கிராமம் கட்டுகிறவனுக்கு ஆடு வேண்டும். பொம்மைக் கற்களால் இடைக்காலக் கற்பனை உலகங்களைக் கட்டுகிறவர்களின் கூட்டம் ஒன்று உலகெங்கும் இருக்கிறது. இல்லாத ஒரு கண்டத்துக்கு வரைபடம் போட்டு, அதைத் தங்களுக்குள் பங்கிட்டு, ஆளுக்கொரு ஊரும் ஒரு பாத்திரமும் வைத்துக்கொண்டு, காட்சிகளைக் கட்டிப் படமெடுத்துக் கீழே கதையும் எழுதுகிறார்கள். அவற்றில் நான் நெடுநாளாகப் பார்த்துவருவது ஹிஸ்டாரிக்கா என்னும் கற்பனைக் கண்டம். ஒரு நாவல் தொடரை வாசிப்பதுபோலவே இதை வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். அப்படி வாசிக்கும்போது இதன் பலம் தெரிகிறது. எனக்கு உறுத்தும் ஒரு குறையும் தெரிகிறது.

முதலில் பலம். லெகோ கல்லின் இன்றைய இணைப்பு முறைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. அன்றைய கல் இன்றைய கல்லோடு இன்னும் பொருந்தும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். தகடு என்று சொல்லும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தச் சின்னக் கணக்கு பொருந்துவதால்தான் துண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பதிக்க முடிகிறது. சுவரிலிருந்து ஒரு கல்லை அரைக் குமிழ் மட்டும் பிதுக்க முடிகிறது. ஆனால் இந்தப் பொருளின் இயல்பு இடைக்காலத்துக்கு நேர் எதிரானது. ஒவ்வொரு துண்டும் புதியது, பளபளப்பானது, செங்கோணம் பிசகாதது. வெயிலில் நிறம் மாறுவதைத் தவிர அதற்கு முதுமை கிடையாது. கட்ட வேண்டியதோ நானூறு வருட மழையில் நனைந்த மதில்.

ஆகவே இந்தக் கலையில் உண்மையில் கட்டப்படுவது காலம். கீல் துண்டுகளால் சுவரை மெல்லச் சாய்க்கிறார்கள். கூரை ஓடுகளைப் பாதி மட்டும் அழுத்தி, தொட்டால் விழுவதுபோல் விடுகிறார்கள். மதிலின் அடியில் பச்சையும் காவியும் கலந்து ஈரத்தைக் காட்டுகிறார்கள். தெளிவான வட்டத் துண்டுகளை எதிலும் பொருத்தாமல் வெறுமனே கொட்டி ஓடையாக்குகிறார்கள். செங்கல் வரி பதித்த ஒரு துண்டு இருக்கிறது. புதியவர்கள் அதைக் கண்டதும் சுவர் முழுக்க இறைத்துவிடுவார்கள், சுவருக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். கை தேர்ந்தவர்கள் அதை மூலையில், வாசலோரத்தில், காரை பெயர்ந்திருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பார்கள். எந்த இடத்தில் மழை அடிக்கும், எந்த இடத்தில் வண்டிச் சக்கரம் உரசும் என்று யோசித்தவன் வைத்த துண்டு பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சாம்பல் நிறத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1978இல் வந்த முதல் பெரிய கோட்டை மஞ்சள் நிறம். சாம்பல் கற்களைக் கொடுத்தால் பிள்ளைகள் டாங்கி கட்டுவார்கள் என்று நிறுவனத்தின் பெரியவர்கள் அஞ்சியதே காரணம் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. 1984இல்தான் அரசனின் கோட்டை சாம்பலில் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து நிறுவனம் அந்தச் சாம்பலையே மாற்றி, கொஞ்சம் நீலம் ஏறிய வேறொரு சாம்பலைக் கொண்டுவந்தது. கோட்டை கட்டுகிறவர்களுக்கு அது பேரிடி. பல ஆண்டுகள் சேர்த்த கற்களோடு புதிய கற்கள் ஒட்டவில்லை. மதிலில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கொஞ்ச காலம் போனதும் அந்தத் திட்டுகளே மதிலுக்கு வயதைக் கொடுக்கின்றன என்று யாரோ கண்டுகொண்டார்கள். இன்று இரண்டு சாம்பலையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். ஒரு தொழிற்சாலையின் முடிவு ஒரு கலைக்கு இலக்கணமானதை இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இனிக் குறைக்கு வருகிறேன். ஹிஸ்டாரிக்காவில் தொடக்கத்திலிருந்தே நான்கு நாடுகள்: காடு சூழ்ந்த அவலோனியா, பனி மூடிய மிட்கார்டியா, பாலைவனமான காலிஃப்லின், சதுப்பும் இருளுமான நாக்டர்னஸ். நிலத்துக்கு ஏற்ற வீடு, உடை, உணவு, விலங்கு, தெய்வம், தொழில். இதைப் பார்க்கும் தமிழருக்குத் திணை நினைவுக்கு வராமல் இருக்காது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழ்கிறவர்களின் மனமும் ஒழுக்கமும் உரிப்பொருள். மூன்றிலும் பாட்டுக்குச் சிறந்தது உரி என்பது தொல்காப்பியத்தின் வரிசை. அந்த அளவுகோலை வைத்தால், இந்த உலகங்களில் முதலும் கருவும் பொங்கி வழிகின்றன. மிட்கார்டியக் கூரையில் பனி எந்தப் பக்கம் சேரும் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். உரிப்பொருள் என்று தேடினால் பத்துக்கு எட்டில் சண்டை கிடைக்கும். யாரோ ஒரு தளபதி, யாரோ ஒரு துரோகி, ஒரு பாலத்தின் மேல் இருபது வாள்கள்.

இது பெட்டியிலிருந்தே வந்த பழக்கம். 1978 கோட்டையில் 14 மனிதர்கள் இருந்தார்கள், எல்லாரும் போர்வீரர்கள். அவர்களுக்கு யார் சமைத்தார்கள் என்று பெட்டி சொல்லவில்லை. நவீனப் போர்க் கருவிகளைத் தவிர்ப்பது லெகோவின் நீண்டநாள் கொள்கை. ஆனால் ஈட்டிக்கும் கவண்பொறிக்கும் தடையில்லை. போர் போதுமான அளவு பழையதாகிவிட்டால் அது விளையாட்டு என்பதுதான் இதன் உள்ளர்த்தம். எவ்வளவு பழையது போதுமான அளவு பழையது என்று எங்கும் எழுதியில்லை. 2009இல் சந்தைக் கிராமம் என்று 1601 துண்டுகளில் ஒரு பெட்டி வந்தது. அதன் நடுவில் இரண்டு வீடுகள், ஒரு மரம், லெகோவின் முதல் பசுக்கள். 2021இல் ஒரு ரசிகரின் வடிவமைப்பிலிருந்து கொல்லன் பட்டறை வந்தது. 2022இல் வந்த 4514 துண்டுக் கோட்டையிலும் சமையற்கட்டும் ஆலையும் இருக்கின்றன. நிறுவனம் மெல்ல மதிலுக்கு உள்ளே பார்க்கத் தொடங்கியிருக்கிறது. ரசிகர்கள் அதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டுக்கு விலை ஏறியதே அதற்குச் சாட்சி.

சண்டைக் காட்சிகள் கலையாகத் தோற்பதற்கு இன்னொரு காரணம் அந்தச் சின்ன மனிதனின் முகம். 1989இல் கடற்கொள்ளையர் வரிசை வரும்வரை எல்லா லெகோ மனிதர்களுக்கும் ஒரே முகம்: இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. இப்போது கோபம், பயம், வெறுப்பு எல்லாம் அச்சிட்டு வருகின்றன. போர்க்களம் கட்டுகிறவர்கள் கத்துகிற முகங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். முப்பது முகங்களும் ஒரே மாதிரி கத்தினால் அங்கே யாருடைய குரலும் கேட்பதில்லை. முகம் பேசாதபோது பொருள்கள் பேச வேண்டியிருக்கிறது. தலைவியின் மனத்தைச் சொல்லாமல் குளத்து மீனையும் கரை மரத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தும் உள்ளுறை நமக்குப் பழகியது. இந்தக் கலையின் நல்ல படைப்புகளும் அப்படித்தான் இயங்குகின்றன.

நான் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஒன்று. முற்றுகையில் இருக்கும் ஊர். முற்றுகை என்றால் ஏணி, கவண்பொறி, எரியும் வாயிற்கதவு என்பதுதான் வழக்கம். இதில் எதிரியே இல்லை. ஊரின் நடுவில் ஒரு கிணறு. கிணற்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கொரு வாளியோடு. எல்லாருக்கும் அந்தப் பழைய சிரித்த முகம். சந்தைத் தட்டுகள் கழுவி வைத்ததுபோல் வெறுமையாக இருக்கின்றன. ஒரே ஒரு தட்டில் இரண்டு காரட். வீடுகளின் மரச்சட்டங்கள் சில இடங்களில் இல்லை. விறகுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகும். முற்றுகை என்ற சொல்லைக் கேட்டதும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசை நினைவுக்கு வருகிறவர்கள் இந்த இதழின் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அதைக் கட்டியவர் அப்படி ஒரு வரிசையில் நின்றவரா என்பது எனக்கு முக்கியமாகவும் படவில்லை. வாளியின் பிடியைக் கீழே தொங்கவிடத் தெரிந்தவர், அது போதும்.

அளவு குறித்தும் ஒரு வார்த்தை. லெகோ மனிதனின் உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு 12 மீட்டர் மதில் கட்டினால் சுமார் 30 கற்கள் உயரம் வரும். ஒரு முழுக் கோட்டைக்குப் பணமும் கூடமும் போதாது. 2012இல் ஆலிஸ் ஃபிஞ்ச் சுமார் 4 லட்சம் துண்டுகளில் ஹாக்வார்ட்ஸ் பள்ளியைக் கட்டிக் காட்டியபோது எல்லாரையும்போல நானும் வியந்தேன். ஆனால் அந்த வழி எல்லாருக்கும் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. கிணற்றுக் காட்சி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான் இருந்தது.

பாலைநிலமான காலிஃப்லினைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நான்கு நாடுகளிலும் கண்ணுக்கு அழகானது அதுதான். சுண்ணாம்புச் சுவரும் நீல ஓடும் நிழலும் கற்களில் நன்றாக அமைகின்றன. ஆனால் அங்கே எப்போது போனாலும் சந்தை நாள். தலைப்பாகை கட்டியவர் கம்பளம் விற்கிறார், பக்கத்தில் மசாலாக் குவியல், ஒட்டகம். வடக்கில் மனிதர்கள் குளிர்காய்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள், சாகிறார்கள், தெற்கில் விற்கிறார்கள். கட்டுகிறவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆயிரம் படங்களில் பார்த்ததைத் திரும்பக் கட்டுகிறார்கள். துண்டுகளின் பட்டியலும் ஒரு காரணம்: அரைவட்ட வளைவும் கூம்புக் கூரையும் மதிலின் ஞாயில் பல்வரிசையும் அச்சிலேயே கிடைக்கின்றன. ஐரோப்பா பாதி கட்டிய நிலையில் பெட்டியில் வருகிறது. மற்ற ஊர்களை ஆரம்பத்திலிருந்து கட்ட வேண்டும்.

இப்படிச் சொன்னதும் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டுங்களேன் என்று நம்மவர்கள் தொடங்கிவிடுவார்கள். சதுரத் தளத்தின் மேல் படிப்படியாகக் குறுகும் விமானம் தகடுகளுக்கு மிக இணக்கமான வடிவம்தான். தாஜ் மகாலின் வட்டக் கும்மட்டத்தைவிட எளிதாக வரும். ஆனால் அது மாதிரி உரு, உலகம் ஆகாது. கோயில் கட்டி முடிந்த மாதத்தில் கல்தச்சர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் தெரு ஒன்றை யாராவது கட்டினால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன். கூலி வாங்க ஒருவன் இன்னும் நிற்கிறான் என்றால் இன்னும் நல்லது.

படங்களுக்குக் கீழே எழுதும் கதைகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வாயில் நுழையாத பெயர்கள், வாள் மேல் சத்தியம், மூன்று தலைமுறைப் பகை. கூரையில் ஓர் ஓட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்த ஒரு மாலையைச் செலவிடுகிறவர், கீழே நூறு வார்த்தைகளை ஐந்து நிமிடத்தில் கொட்டிவிடுகிறார். கற்களில் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுத்தில் சொல்லிக் கெடுப்பதும் நடக்கிறது. தங்கள் ஊடகத்தின் மேல் அவர்களுக்கே இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்று தோன்றுகிறது.

இந்தக் கோட்டைகள் எவையும் நிற்பதில்லை என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. படமெடுத்த வாரமே பிரித்து, நிறவாரியாக டப்பாக்களில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த ஊருக்கு அதே கற்கள்தான். படம்தான் படைப்பு. அந்தப் படங்களும் தங்குவதில்லை. 2017இல் பலர் பயன்படுத்திய ஒரு படச் சேமிப்பு நிறுவனம் திடீரென்று ஆண்டுக் கட்டணம் கேட்டது. கட்டாதவர்களின் படங்கள் அவை காட்டப்பட்ட இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் மறைந்தன. பத்து வருட ஊர்கள், அரண்மனைகள், துறைமுகங்கள். எழுத்து மட்டும் அங்கேயே கிடக்கிறது.

இந்தக் கட்டுரைக்காக அந்தக் கிணற்றைத் தேடிப் போனேன். படம் இல்லை. அதைக் கட்டியவர் கீழே எழுதியிருந்தது ஒரே ஒரு வரி, எத்தனையாவது நாள் என்ற கணக்கு. எண் 41.