பதினாலு இன்ச் ஜனநாயகம்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோவோ டி.வி-யோ வைத்திருந்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டும், துப்பாக்கிக்கு எடுப்பதுபோல. தபாலாபீஸில் போய்ப் பணம் கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. அப்புறம் சுமார் இருபது வருஷம். அதே பெட்டியை அரசாங்கமே 'இந்தாங்க, வெச்சுக்குங்க' என்று சும்மா கொடுத்தது.

2006 தேர்தலில் தி.மு.க., டி.வி. இல்லாத குடும்பங்களுக்கு இலவச கலர் டி.வி. என்று வாக்குக் கொடுத்தது. ஆட்சிக்கு வந்தது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று 14 இன்ச் பெட்டிகள் புறப்பட்டன. ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். ஊர்ப் பணத்தில் தனியார் வீட்டுக்கு டி.வி-யா, ஓட்டுக்கு லஞ்சம் இல்லையா இது என்று கேட்டார். அரசுத் தரப்பில் சொன்ன காரணம் ரசிக்கத்தக்கது: குறிப்பாக கிராமத்துப் பெண்களுக்குப் பொழுதுபோக்கும் பொது அறிவும் தருவதற்காம். பொழுதுபோக்கு சரி. நம் மெகா சீரியல்களில் பொது அறிவைத் தேடி எடுக்க, தனியாக ஓர் அறிவு வேண்டும்.

மதுரை ஹைகோர்ட் பெஞ்ச் 2007-ல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அப்பீல் டெல்லி போயிற்று. அதற்குள் 2011 தேர்தல் வந்து, இரண்டு பெரிய கட்சிகளும் சமையலறைக்குள் புகுந்துவிட்டன. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று பட்டியல் நீண்டது. புது ஆட்சி டி.வி. திட்டத்தை மூடியது. வழக்கில் டி.வி-யுடன் மிக்ஸியும் சேர்ந்துகொண்டது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது 2013 ஜூலை 5-ல். கொடுத்த ஆட்சி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எந்த சீரியலும் இவ்வளவு நிதானமாக நகர்ந்ததில்லை.

தீர்ப்பு என்ன? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவு தடுப்பது வேட்பாளர் கொடுக்கும் லஞ்சத்தை. தேர்தல் அறிக்கை கட்சியுடையது. எனவே அது முறைகேடு ஆகாது. அதே மூச்சில், இலவச வாக்குறுதிகள் வாக்காளர்களை பாதிக்கின்றன, நேர்மையான தேர்தலின் வேரையே அசைக்கின்றன என்றும் நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள். வேர் ஆடுகிறது, ஆனால் ஆட்டக்கூடாது என்று சட்டம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். உங்கள் வார்டு வேட்பாளர் ராத்திரி வந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உங்கள் கையில் திணித்தால், அவர் மட்டும் இல்லை, ஓட்டுக்காக வாங்கிக்கொண்ட நீங்களும் குற்றவாளி. ஒரு வருஷம்வரை உள்ளே போடலாம். அதே வேட்பாளரின் கட்சி பட்டப்பகலில் மைக் வைத்து ஊருக்கே டி.வி. தருவதாகச் சொன்னால் அது கொள்கை. 1920-ல் வெள்ளைக்காரன் தேர்தல் லஞ்சத்தைக் குற்றமாக்கியபோதே, பொதுக் கொள்கையை அறிவிப்பது குற்றமாகாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். கலர் டி.வி-யைக் கனவு கண்டிருக்க மாட்டான்.

கட்சிகளைக் கலந்துபேசி நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் கமிஷனுக்கு உத்தரவு. கொடுப்பவர்களையே கூப்பிட்டு, எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்பது! 2014-ல் நெறிமுறை வந்தது. வாக்குறுதிக்குக் காரணம் சொல்லவேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் பொதுவாகச் சொல்லவேண்டும். 2022 ஆகஸ்டில், 2013 தீர்ப்பு சரிதானா என்று பார்க்க மூன்று நீதிபதிகள் பெஞ்சுக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் நான் நியாயவான் மாதிரி இலவசங்களைத் திட்டியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். ராத்திரி வேலை முடிந்ததும், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றபடியே சீரியல் பார்ப்பார். உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார். விளம்பரம் வந்தால் அவசரமாகப் பெருக்குவதுபோல் பாவனை. அரசாங்க டி.வி. வந்த மறுநாளிலிருந்து ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். தன் வீட்டில், தன் தரையில் உட்கார்ந்து பார்க்க. அதைப் பொது நோக்கம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டு டி.வி-யை நான் மானியம் என்று நினைத்ததில்லை. லைசென்ஸ் கட்டணத்தை ரத்து செய்தபோது இலவசம் என்றும் கத்தவில்லை.

2011 தேர்தல் முடிந்ததும் அவரிடம் கேட்டேன், டி.வி. கொடுத்தவங்களுக்குத்தானே போட்டீங்க என்று.

"பொட்டி சும்மா குடுத்தாங்க, கேபிள்காரன் சும்மாவா வுடறான்? பொட்டி வாங்கினது வேற, ஓட்டுப் போடறது வேற சார்."

பெட்டி கொடுத்த கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது 23 இடங்கள். வேர் ஆடுகிறது என்று நீதிபதிகள் கவலைப்பட்டது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து.