ஓர்க் ஏன் பச்சையாக இருக்கணும்?

மினியேச்சர் பெயின்டிங் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்த பிரஷ் வாங்கணும், எந்தப் பெயின்ட் நல்லது, பசங்களோடு சேர்ந்து செய்யலாமா என்று. முதல் இரண்டுக்கும் யூட்யூபில் ஆயிரம் பதில் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னால் சட்டென்று "தாராளமா" என்று சொல்ல முடியவில்லை. காரணம், நான் செய்த ஒரு காரியம். அதைக் கடைசியில் சொல்லி அனுதாபம் வாங்குவதைவிட முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஹீரோகுவெஸ்ட் இருக்கிறது. 1989இல் மில்டன் பிராட்லி கம்பெனி, கேம்ஸ் வொர்க்‌ஷாப்போடு சேர்ந்து கொண்டுவந்த பலகை விளையாட்டு. ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்தது. 2021இல் ஹாஸ்ப்ரோ திரும்பவும் வெளியிட்டபோது வாங்கினேன். நாலு வீரர்கள்: பார்பேரியன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி. ஒருத்தர் மட்டும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாதாள அறைகளையும் பூதகணங்களையும் நடத்தணும். பொம்மைகள் ஒரே நிற பிளாஸ்டிக்கில் வரும். வீரர்கள் சிவப்பு, எலும்புக்கூடுகள் வெள்ளை, ஓர்க்குகள் பச்சை. அப்படியே விளையாடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கையில் பிரஷ் இருக்கிறவனுக்குச் சும்மா இருக்க முடியாது.

மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரு ஓர்க்குக்கு வர்ணம் அடித்தாள். உடம்பு முழுக்க ஊதா. பல்லுக்கு மஞ்சள். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு, ஒன்று கன்னம் வரை வழிந்திருந்தது. பெயின்டில் தண்ணீரே கலக்கவில்லை, தோசை மாவு மாதிரி அப்பியிருந்தாள். அன்று ராத்திரி அவள் தூங்கினபிறகு நான் அதை எடுத்து "கொஞ்சம் சரி பண்ணலாம்" என்று ஆரம்பித்தேன். கண்ணை மட்டும்தான் தொடுவதாக இருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு அது பச்சை ஓர்க் ஆகியிருந்தது. நிழல் விழவேண்டிய பள்ளங்களில் வாஷ், மேடுகளில் ட்ரை பிரஷ், பல்லில் எலும்பு நிறம், எல்லாம் கச்சிதம். காலையில் அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னோடது எங்கப்பா?"

"இதாம்மா உன்னோடது. அப்பா கொஞ்சம் டச்சப் பண்ணேன். ஓர்க் பச்சையாத்தானே இருக்கும்."

"யாரு சொன்னா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் குறிப்பே உருவானது. உண்மையில் யார் சொன்னார்கள்? டோல்கீனிடம் போனால் அங்கே பச்சை ஓர்க் கிடையாது. கறுத்தவை, வெளிறி மஞ்சள் பூத்தவை என்றுதான் வருகின்றன. 1977இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பூதகணக் கையேட்டில் ஓர்க்குக்குப் பன்றி மூஞ்சி. இன்று எல்லாருக்கும் பழக்கமான அந்தப் பளிச்சென்ற பச்சை, 1983இல் வந்த வார்ஹாமரும் அதற்குப் பொம்மை வார்த்த சிட்டடெல் மினியேச்சர்ஸும் பரப்பிய வழக்கம். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் அதை எடுத்துக்கொண்டு உலகம் பூராவும் கொண்டுபோயின. ஆக, நான் என் மகளிடம் இயற்கை விதி மாதிரி சொன்னது நாற்பது வருஷத்துச் சமாச்சாரம். என்னைவிட வயது குறைந்த மரபு! அதற்கு வாட்ச்மேன் வேலை பார்த்திருக்கிறேன்.

இந்த ஹாபியின் மேல் என் முக்கியமான புகார் இதுதான். கற்பனையை விற்கிறது, கூடவே விடைத்தாளையும் விற்கிறது. பெட்டி மேல் அழகாக வர்ணம் அடித்த படம், உள்ளே எந்தப் பகுதிக்கு எந்தப் பெயின்ட் என்ற குறிப்பு, போதாததற்கு வீடியோ. சிட்டடெல்லின் உள்வீட்டு ஓவியர் குழுவுடைய பாணி ஒன்று உண்டு: கவசத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய வெளிர்கோடு இழுப்பது. நிஜ உலகில் எந்த வெளிச்சமும் அப்படி விழாது. ஆனால் 28 மில்லிமீட்டர் பொம்மையை மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் கோடு இல்லாவிட்டால் எல்லாம் ஒரே களிமண் உருண்டையாகத் தெரியும். அந்த அளவில் அது நல்ல உத்திதான், நானும் செய்கிறேன். உத்தி எப்போது தர்மமாக மாறியது என்பதுதான் கேள்வி.

மாறியது என்பதற்கு அத்தாட்சி விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. வார்ஹாமர் 40,000இன் ஒன்பதாம் பதிப்பு 2020இல் வந்தது. அதில் ஒரு ஆட்டத்தின் மொத்தம் 100 புள்ளியில் 10 புள்ளி, படை முழுக்க 'பேட்டில் ரெடி' தரத்தில் வர்ணம் அடித்திருந்தால் கிடைக்கும். போட்டி நடத்துகிறவர்களுக்கு இதில் நியாயம் இருக்கலாம். சாம்பல் பிளாஸ்டிக் படை இரண்டு மோதுவதைப் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் வர்ணம் அடிப்பது என்பது மார்க் வாங்கும் பாடமாகிவிட்டது. நம் ஆட்களுக்கு மார்க் என்றால் சொல்லவேண்டுமா.

குழந்தைகளும் சிப்பாய்ப் பொம்மைகளும் என்றால் எனக்கு வேறொரு வீடு ஞாபகம் வரும். 1826 ஜூனில் யார்க்‌ஷயரின் ஹாவொர்த் கிராமத்துப் பாதிரியார் பேட்ரிக் பிரான்ட்டி, லீட்ஸ் நகரிலிருந்து மகன் பிரான்வெல்லுக்காக மரச் சிப்பாய்கள் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பன்னிரண்டு பொம்மை. மறுநாள் காலை பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகோதரிகளிடம் ஓடினான். பத்து வயது ஷார்லட் படுக்கையிலிருந்து குதித்து ஒன்றைப் பறித்துக்கொண்டு இதுதான் வெலிங்டன் பிரபு என்று அறிவித்துவிட்டாள். பிரான்வெல் சும்மா இருப்பானா, அவனுடையது போனபார்ட். எமிலிக்கு ஒன்று, கடைக்குட்டி ஆனுக்கு ஒன்று. அந்தப் பொம்மைகளிலிருந்து கிளாஸ் டவுன் என்ற கற்பனை நகரம் கிளம்பியது, அப்புறம் ஆங்கிரியா, கோண்டல். சிப்பாய்கள் படிக்கிற அளவில் உள்ளங்கைக்குள் அடங்கும் பத்திரிகைகள், கண்ணுக்கே தெரியாத எழுத்தில்.

'ஜேன் ஐர்', 'வுதரிங் ஹைட்ஸ்' எல்லாம் நேராக அந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று சொல்லமாட்டேன், அது மிகை. நான் கவனிப்பது அப்பாவை. வாங்கிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். வெலிங்டனின் சீருடை எந்த நிறத்தில் இருக்கணும் என்று ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு திருத்தியதாக எங்கேயும் இல்லை. (அவர் வெலிங்டனின் தீவிர பக்தர். ஆசை இருந்திருக்கும்!)

எதிர் உதாரணம் எச். ஜி. வெல்ஸ். 1911இல் 'ஃப்ளோர் கேம்ஸ்', 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று இரண்டு சின்னப் புத்தகங்கள். மினியேச்சர் போர் விளையாட்டுக்காரர்கள் இரண்டாவதைத்தான் வேதம் மாதிரி சொல்வார்கள். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். அதில் வெல்ஸ் தன் இரண்டு பையன்களோடு தரையில் உட்கார்ந்து பலகைகளால் தீவும் நகரமும் கட்டுகிறார். யார் ஜெயித்தார்கள் என்ற பேச்சே இல்லை. இரண்டே வருஷத்தில் 'லிட்டில் வார்ஸ்' வரும்போது கதை வேறு. ஸ்பிரிங் பீரங்கி, அளந்து நகர்த்தும் விதி, பெரிய மனுஷ நண்பர்கள். தலைப்புப் பக்கத்திலேயே இது 12 வயது முதல் 150 வயது வரையான பையன்களுக்கு என்கிறார், கூடவே 'புத்திசாலிப் பெண்' சிலருக்கும் போனால் போகிறது என்று ஒரு இடம் ஒதுக்குகிறார். நகைச்சுவைதான், ஆனால் அந்த நகைச்சுவையின் வாசனை இன்றும் பல ஹாபி கடைகளில் அடிக்கிறது. குழந்தைகளின் தரையைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்ட கதை என்றுதான் அந்த இரண்டு புத்தகங்களையும் சேர்த்து வாசிக்கிறேன். மற்றவர்கள் சண்டைக்கு வரலாம்.

ஒரு ராத்திரியில் நானும் அதே வேலையைத்தான் செய்தேன்.

எல்லாம் குற்றச்சாட்டு இல்லை. தொழில்நுட்பம் குழந்தைகள் பக்கம் சாய்ந்தும் இருக்கிறது. 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் நிஜமாகவே நல்ல விஷயம். வெளிர் நிற ப்ரைமர் மேல் ஒரே ஒரு கோட், அது தானாகவே பள்ளத்தில் அடர்த்தியாகத் தேங்கி, மேட்டில் மெலிந்து, நிழலும் வெளிச்சமும் உண்டாக்கிவிடும். எட்டு வயதுக் கைக்கு இதைவிட வேறென்ன வேணும்? ஆனால் இது வந்தபோது பல சீனியர்கள் முகம் சுளித்தார்கள், ஏமாற்று வேலையாம். டங்கன் ரோட்ஸ் வீடியோக்களில் பெயின்டைத் தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய கோட்டாக அடிக்கச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அந்த ஆலோசனை சரியானது, அவர் சொல்கிற விதமும் கனிவானது. அதை வைத்துக்கொண்டு அடுத்தவன் பொம்மையை மட்டம் தட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

நாட்டிங்ஹாமில் வார்ஹாமர் வேர்ல்ட் போயிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பொம்மைகள் மோதும் பிரம்மாண்டமான போர்க்களக் காட்சிகள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. திறமைக்குத் தலை வணங்கத்தான் வேணும். மகள் பத்து நிமிஷம் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "இதையெல்லாம் யாரு விளையாடுவா?"

அந்த ஓர்க்குக்கு வருகிறேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றாள், ஆனால் அடுத்த ஆட்டத்தில் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு எலும்புக்கூடுகளை மட்டும் எடுத்தாள். என் பச்சையைக் கரைத்து எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். பெயின்ட் உரிக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். என்னுடையதும் அக்ரிலிக், அவளுடையதும் அக்ரிலிக். பச்சை போனால் அடியில் இருக்கும் ஊதாவும் சேர்ந்தே போகும்.

அதனால் அது அப்படியே இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இடது அக்குளில், என் பிரஷ் எட்டாத இடத்தில், கடுகளவு ஊதா தெரியும். அவள் இப்போது மம்மிகளுக்கு ஆரஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் கலக்காமல். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.