ஜிஎல்சியா, எக்ஸ்3-ஆ? இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு ரசிப்பது எப்படி

பல்லடத்தில் பென்ஸா, பிஎம்டபிள்யூவா என்ற கேள்விக்கு விடையைப் பெரும்பாலும் சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கும் வண்டியே சொல்லிவிடுகிறது. கோழித் தீவனத்தில் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்க ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர், முக்கால் கோடி ரூபாய் வண்டிக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தீவனத்தில் என்ன பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். வண்டியில் என்ன பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த விலையில் மட்டமான வண்டி என்று எதுவும் கிடையாது. ‘எதுங்க நல்லா இருக்கும்?’ என்று கேட்டால் ஷோரூம்காரர் தான் விற்பதைச் சொல்வார். மச்சான் தான் வைத்திருப்பதைச் சொல்வார். கேட்கவேண்டியது வேறு: இதைச் செய்தவர்கள் எதை விட்டுக்கொடுத்து எதைப் பெற்றிருக்கிறார்கள்? மெத்தென்ற ஓட்டம் வேண்டும் என்றால் வளைவில் கொஞ்சம் சாயும். வளைவில் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றால் குழியில் கொஞ்சம் குத்தும். இந்தப் பேரத்தைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் இரண்டு வண்டிகளையுமே ரசிக்கலாம். நமக்கு எது என்பதும் தெளிந்துவிடும்.

மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்சி, பிஎம்டபிள்யூ எக்ஸ்3 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறை ஜிஎல்சி 2023 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. புனே அருகே சாக்கனில் தயாராகிறது. நான்காம் தலைமுறை எக்ஸ்3 அறிமுகமானது 2025 ஜனவரியில், டெல்லி வாகனக் கண்காட்சியில். அது தமிழ்நாட்டில் பூட்டப்படும் வண்டி. சென்னைக்குத் தெற்கே 2007-இலிருந்து ஓடும் ஆலையிலிருந்து வருகிறது. அறிமுகத்தின்போது டீசல் ஜிஎல்சி 220டி-யின் ஷோரூம் விலை 74.5 லட்சம், டீசல் எக்ஸ்3 20டி 77.8 லட்சம். ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60 என்று யோசிப்பவர்களுக்கும் பார்க்கும் முறை இதேதான்.

எண்களைச் சேர்த்து வாசியுங்கள்

கையேட்டில் இருக்கும் எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஏமாற்றும். சேர்த்துப் பார்த்தால் பேசும்.

எக்ஸ்3-இன் நீளம் 4,755 மி.மீ.; ஜிஎல்சி 4,716. எக்ஸ்3 பெரிய வண்டி என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை, அதாவது வீல்பேஸைப் பாருங்கள்: எக்ஸ்3-க்கு 2,865, ஜிஎல்சிக்கு 2,888. உடம்பில் 39 மி.மீ. குட்டையான வண்டிக்கு வீல்பேஸ் 23 மி.மீ. கூடுதல். பென்ஸ்காரர்கள் சக்கரங்களை மூலைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வீல்பேஸ் நீண்டால் மேடுபள்ளத்தில் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடுவது குறையும். டிக்கியும் ஜிஎல்சியில் 620 லிட்டர், எக்ஸ்3-இல் 570. இதை மட்டும் நம்பிவிடாமல் ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, அல்லது இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ராத்திரி பதினொரு மணிக்கு டயர் போனால் லிட்டர் கணக்கு உதவாது.

இன்ஜினுக்கு வருவோம். இரண்டு டீசலும் 2 லிட்டர், இரண்டும் 197 குதிரைத்திறன். இழுவிசை ஜிஎல்சிக்கு 440 நியூட்டன் மீட்டர், எக்ஸ்3-க்கு 400. ஆனால் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எக்ஸ்3 7.7 விநாடியில் தொடுகிறது. ஜிஎல்சிக்கு 8 விநாடி ஆகிறது. இழுவிசை கூடியது ஏன் பிந்துகிறது? எடை, கியர் விகிதம், கியர் மாறும் வேகம் எல்லாம் சேர்ந்துதான் அந்த விநாடியைத் தீர்மானிக்கின்றன. ஜிஎல்சிக்கு 9 கியர், எக்ஸ்3-க்கு 8. அந்த 0.3 விநாடி வித்தியாசம் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. 60 கி.மீ. வேகத்தில் கோழி லோடு ஏற்றிய வண்டியின் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தால் எப்படிக் கிளம்புகிறது என்பது நன்றாகத் தெரியும். அதற்குக் கையேட்டில் எண் கிடையாது, சாலையில்தான் பார்க்கவேண்டும்.

வெயிலில் நிறுத்திப் பாருங்கள்

ஷோரூம் விளக்கில் எல்லா வண்டியும் அழகு. வெளியே எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, எதிரே உள்ள சுவரோ மின்கம்பியோ கதவுகள்மேல் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பார்த்தபடி மெதுவாக நடங்கள். முன்கதவிலிருந்து பின்கதவுக்குப் போகும்போது அந்தக் கோடு ஒடியாமல் வழுக்கிப் போனால், தகட்டை வடிவமைத்தவரும் பூட்டியவரும் கைதேர்ந்தவர்கள். ஜிஎல்சியின் உடம்பு உருண்டு திரண்டது. கோடுகள் குறைவு, பிரதிபலிப்பு நீளமாக ஓடும். எக்ஸ்3 அகலமான பரப்பும் பெரிய முன்கிரில்லும் கொண்ட கட்டுமஸ்தான உருவம். வெளிச்சம் அதன்மேல் பட்டை பட்டையாக விழும். இரண்டில் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எதனால் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடிந்தால் நீங்கள் ரசிகராகிவிட்டீர்கள். கண்ணைப் பழக்க ஆசைப்பட்டால் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

கதவை ‘டப்’பென்று சாத்திப் பார்ப்பது எல்லாரும் செய்கிற சோதனை. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் நமக்காகவே ரப்பரும் அதிர்வை அடக்கும் தகடும் வைத்துச் செய்தது. கதவைத் திறப்பதில்தான் விஷயம்: எவ்வளவு அகலம் திறக்கிறது, படி எவ்வளவு உயரம், சேலையோ வேட்டியோ படியின் புழுதியில் உரசுகிறதா?

திரையையும் வெயிலிலேயே சோதித்துவிடுங்கள். ஜிஎல்சியில் நெடுக்குவாட்டில் 11.9 அங்குலத் தொடுதிரை. எக்ஸ்3-இல் ஓட்டுநர் பக்கம் வளைந்த 14.9 அங்குலத் திரை, கூடவே கையால் திருகும் குமிழ். மத்தியான வெயில் கண்ணாடிக் கூரை வழியாக விழும்போது எழுத்து தெரிகிறதா? வண்டி ஓடும்போது ஏசியை இரண்டு டிகிரி குறைக்கக் கண் எவ்வளவு நேரம் சாலையை விட்டு விலகுகிறது? பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். திரை பெரிதாக இருப்பதைவிட அந்த நேரம் குறைவாக இருப்பது முக்கியம்.

முதலில் பின் இருக்கை

வீட்டில் மூத்தவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாயியோ அப்பாருவோ, யாரும் கைகொடுக்காமல் தானே ஏறட்டும். ஏறும்போது அவர் கை முதலில் எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். கதவின் மேல்விளிம்பையா, முன் இருக்கையின் முதுகையா, கைப்பிடியையா? கை தடுமாறித் தேடினால் அந்த வண்டியில் ஏறுவது அவருக்குச் சிரமம். இறங்கும்போது தரையைக் கால் தேடுகிறதா என்றும் பாருங்கள்.

உட்கார்ந்தபின் தொடை முழுதாக மெத்தையில் படிகிறதா? முழங்கால் மேலே தூக்கி நின்றால் மதுரை போய்ச் சேர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு வண்டியிலும் நடுவே தரை புடைத்திருக்கும், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு அதன் வழியாகப் போவதால். ஐந்தாவது ஆளுக்குக் கால் வைக்க வசதி குறைவு. கல்யாணம், கெடா வெட்டு என்று வீட்டோடு கிளம்பும் குடும்பம் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

திரும்பி வந்ததும் ‘எப்படி இருந்துதுங்க?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லாத்தான் இருக்குது கண்ணு’ என்பதுதான் பதிலாக வரும். ‘முழங்கால் எங்கீங்க இடிச்சுது?’ என்று கேளுங்கள்.

மூன்று சாலை, ஒரே நாள்

இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே சாலையில், அதே ஆட்களோடு ஓட்டவேண்டும். கோவை ஷோரூம்களில் கேட்டால் பல்லடத்துக்கே வண்டியை அனுப்புவார்கள். கிளம்பும் முன் டயர் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் அளவுக்கு மீறிக் காற்று இருந்தால் அந்த வண்டியின் சஸ்பென்ஷனைக் காரணமில்லாமல் திட்டுவீர்கள். இரண்டையும் சாதாரண ஓட்டத்துக்கான நிலையில் வைத்தே தொடங்குங்கள். ஸ்போர்ட் பொத்தானைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சாலை, கோவை நெடுஞ்சாலை. காரணம்பேட்டை வரை போனால் போதும். லாரியை முந்தும்போது மிதித்ததற்கும் வண்டி கிளம்புவதற்கும் நடுவே உள்ள தயக்கத்தைக் கவனியுங்கள். முந்தி முடித்துக் காலை எடுத்ததும் கியர் பதறாமல் மேலே ஏறுகிறதா?

இரண்டாவது, ஏதாவது ஒரு கிராமத்துச் சாலை. ஒரு வேகத்தடையை 20 கி.மீ. வேகத்தில் கடந்து பாருங்கள். கவனிக்கவேண்டியவை இரண்டு. ஏறும்போது அடி முதுகுத்தண்டுக்கு வருகிறதா, அது முதல் பாடம். இறங்கியபின் உடம்பு எத்தனை முறை ஆடி அடங்குகிறது, அது இரண்டாவது. மெத்தென்று ஏறிய வண்டி இறங்கி மூன்று முறை ஆடினால் பின்னால் இருக்கும் குழந்தைக்குக் குமட்டும். சற்றே கடுத்து ஏறி ஒரே ஆட்டத்தில் அடங்கினால் நீண்ட பயணத்துக்கு அதுவே சுகம். பொதுவாக ஜிஎல்சி மெத்தென்ற பக்கம் சாயும். எக்ஸ்3 உடம்பைக் கட்டுக்குள் வைக்கப் பார்க்கும். பேரம் என்று சொன்னேனே, அது கையில் கிடைக்கும் இடம் இந்த வேகத்தடை. தோட்டத்துக்குப் போகும் இட்டேரியிலும் நுழைந்து பாருங்கள். ஜிஎல்சி 1,890 மி.மீ. அகலம், எக்ஸ்3 1,920. பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் இரண்டுமே 2 மீட்டரைத் தாண்டும். கிளுவை வேலி இரண்டு பக்கமும் நெருக்கும்போது முன்மூலை எங்கே முடிகிறது என்று இருக்கையிலிருந்தே தெரிகிறதா?

மூன்றாவது, உடுமலை சாலை. கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, வடக்கு தெற்காக ஓடும் இந்தச் சாலையில் வண்டியைப் பக்கவாட்டில் அடிக்கும். ஆனி, ஆடியில் வாங்குகிறவர்களுக்கு இது இலவசச் சோதனைக்கூடம். 80 கி.மீ. வேகத்தில் உயரமான வண்டியைக் காற்று தள்ளும்போது ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறதா, வண்டியே நேராகப் போகிறதா?

காதுக்கும் இங்கேதான் வேலை. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நம்மவர்கள். பத்துத் தறி ஓடும்போது ஒன்றில் இழை அறுந்தால் உள்ளறையில் இருந்தே தெரிந்துவிடும். அந்தக் காதை வண்டிக்குள் கொண்டுவாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தத்தைப் பிரியுங்கள்: கீழிருந்து வருவது டயர், கண்ணாடியோரம் சீறுவது காற்று, முன்னாலிருந்து வருவது டீசல். மொத்தச் சத்தம் குறைவாக இருந்தும் ஒரே ஒரு சீறல் காதோரம் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரத்தில் தலை வலிக்கும். ஸ்பீக்கர் எத்தனை என்ற கேள்வி அதற்குப் பிறகு.

மலைச்சாலைக்குச் சோதனை ஓட்டம் விடமாட்டார்கள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டைஊசி வளைவுகள். வாங்கியபின் அதெல்லாம் உங்களுடையது. இப்போதைக்கு ஏதாவது ஒரு ரவுண்டானாவை நிதானமாகச் சுற்றி, பின்னால் இருப்பவர் தோள் கதவில் சாய்கிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசியாகக் காசு

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 70 லட்சம் ரூபாய் வண்டிக்கு 14 லட்சம் அதற்கே போய்விடும். பெரிய எஸ்யூவிகளுக்கு முன்பு ஜிஎஸ்டி 28, செஸ் 22 என்று 50 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40. பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசாதீர்கள். கம்பெனி பேரில் வாங்கினால் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று டீக்கடையில் சொல்வார்கள். 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்கு, அதை வாடகைக்கு விடுவது போன்ற சில தொழில்களைத் தவிர, அந்த வரவு கிடையாது. தேய்மானம் காட்டலாம், அதை ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

டீசலா பெட்ரோலா என்பதையும் ஓட்டத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். டீசலின் புகைவடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். தினமும் திருப்பூர் நெரிசலில் ஊர்வதோடு சரி என்றால் பெட்ரோலே நிம்மதி. மாதம் இரண்டு முறை சென்னை போகிறவருக்கு டீசல் பொருந்தும். டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்தைத் தீரும் முன் ஊற்றிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

என் கணிப்பு இது. வாரக் கடைசியில் தானே ஸ்டீயரிங் பிடித்து உதகைக்கோ வால்பாறைக்கோ ஏறுகிறவர் எக்ஸ்3-இல் அதிகம் சிரிப்பார். டிரைவர் வைத்து, பெரியவர்களோடு பின்னால் அமர்ந்து போகிறவருக்கு ஜிஎல்சி ஏற்றது. உங்கள் வேகத்தடை வேறு தீர்ப்புச் சொன்னால் அதையே நம்புங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டே வரி எழுதிப் பாருங்கள்: இந்த வண்டி எதை விட்டு எதைப் பெற்றிருக்கிறது, அந்த வண்டி எதை விட்டு எதைப் பெற்றிருக்கிறது. பேனா ஓடவில்லை என்றால் காசோலையிலும் அது ஓடவேண்டாம். இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். இந்த விலைக்கு யாரும் மறுக்கமாட்டார்கள்.