ஆர்ச்சி மூர் என்று இரண்டு பேர்

பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு சாச்சா இருந்தார். 1980 தொடக்கத்தில் மதராசுக்குப் போய் முகமது அலியைப் பார்த்துவிட்டு வந்தவர். போனது ரயிலா பஸ்ஸா என்பது சொல்லும்போதெல்லாம் மாறும். நேரு ஸ்டேடியத்தில் அலி நின்ற நிலை மட்டும் மாறாது. பீடி சுற்றிக்கொண்டிருக்கும் சாச்சியின் சுளகைக் கொஞ்சம் தள்ளிவைத்து இடம் பண்ணிக்கொண்டு எழுந்து நிற்பார். இடது கையைத் தொடை வரை தொங்கவிடுவார். குதிகால் தரையில் படாது. அறுபது வயதில் அப்படியே நாலு எட்டு பின்னால் நழுவிப் போய்ச் சுவரில் இடித்துக்கொள்வார்.

"எதிர்ல நின்னது யாரு சாச்சா?"

"அவுஹளே கூட்டிட்டு வந்த ஆளுலே. அடி வாங்குறதுக்குன்னு."

அடி வாங்க வந்த அந்த ஆள் ஜிம்மி எல்லிஸ். லூயிவில் ஊரில் அலியோடு சிறுவயதிலிருந்து குத்துச்சண்டை பழகியவர். அலியின் பயிற்சிக்கு எதிராளியாக வருஷக்கணக்கில் நின்றவர். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டத்தைப் பறித்துக்கொண்ட சங்கம், காலியான நாற்காலிக்கு எட்டுப் பேரை மோதவிட்டது. 1968-இல் அதில் ஜெயித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் இதே எல்லிஸ்தான். 1970-இல் ஜோ பிரேசியரிடம் தோற்றார். 1971-இல் ஹூஸ்டனில் அலியிடமே 12-ஆவது சுற்றில் தோற்றார். மதராஸ் வந்தபோது அவர் கடைசியாகச் சண்டை போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

அலி அடித்தவர்கள் பட்டியலில் எல்லிஸை 'முன்னாள் உலக சாம்பியன்' என்று எழுதலாம். 'பயிற்சிக்கு நின்ற கூட்டாளி' என்றும் எழுதலாம். இரண்டும் உண்மைதான். எதை எழுதுகிறோம் என்பதில் எழுதுகிறவன் யார் கட்சி என்பது தெரிந்துவிடும்.

ஒரு சாம்பியனை அளக்க அவன் அடித்தவர்களை அளக்கும் வழக்கம் குத்துச்சண்டைக்கு மட்டும் உரியதல்ல. தமிழில் பரணி என்றொரு வகையே இருக்கிறது. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனைப் பாடுவது என்று அதற்கு இலக்கணம். அதாவது, எதிராளிக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி வைத்திருக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, நூலுக்குப் பெயர் தோற்றவன் பேரில்தான். ஜெயித்தது குலோத்துங்கன் பக்கம். நூலின் பெயர் கலிங்கத்துப்பரணி. ஆயுதம் இழந்து நின்ற ராவணனை ராமன் அன்றைக்கு அனுப்பிவைத்ததைக் கருணை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கணக்கும் தெரிகிறது. வெறுங்கையோடு நிற்கிறவனை வீழ்த்தினால், அந்த வெற்றியைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

குத்துச்சண்டையில் இந்தக் கேள்வி அவசியம் என்பதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. இங்கே எதிராளி தானாக வருவதில்லை, தேர்ந்தெடுத்துக் கூட்டிவரப்படுகிறார். வளர்கிற பையனுக்குத் தோற்க ஆள் வேண்டும். அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பீட்டர் பக்லி 300 சண்டை போட்டு 256-இல் தோற்றவர். ஆனால் அவர் மட்டமான ஆள் இல்லை. அடிபட்டு விழாமல் கடைசிச் சுற்று வரை நிற்கத் தெரிந்தவர். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். 2008-இல் 300-ஆவது சண்டையில் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். இப்படிப்பட்டவர்களை வரிசையாக நிறுத்தி 20-0, 25-0 என்று எண்ணிக்கையைக் கட்டலாம். 'யாரை?' என்ற கேள்விக்குத்தான் அந்தக் கட்டடம் பயப்படும்.

நம் நாட்டிலும் பார்த்தோம். பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கிய விஜேந்தர் சிங் 2015-இல் தொழில்முறைக்கு மாறினார். டெல்லியில் 2016-இல் கெர்ரி ஹோப்பை வென்று பட்டம், அதே வருஷம் பிரான்சிஸ் செக்கா என்று தொடர்ந்து 12 வெற்றி. தொலைக்காட்சி கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, எதிரே வருகிறவர்களின் தரம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் முணுமுணுத்தார்கள். 2021 மார்ச்சில் கோவாவில், ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தளத்தில், ஆர்டிஷ் லோப்சான் என்ற ரஷ்யர் ஐந்தாவது சுற்றில் அவரை நிறுத்தினார். முணுமுணுத்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் லோப்சான் அதுவரை போட்டதே ஆறு சண்டைதான். தரம் பார்க்கிறவர்களின் தராசில் அவர் முன்னால் வந்த பலரையும்விட எடை குறைந்தவர். நெடுநெடுவென்ற அவருடைய உயரமும் நீண்ட கையும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டை இதுதான். அது பெயரையும் எண்ணையும் எடை போடுகிறது. அன்றைக்கு அந்தக் கயிற்றுக்குள் நின்ற உடம்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆர்ச்சி மூரைப் பாருங்கள். 1955 செப்டம்பர் 21, நியூயார்க்கில் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ அவரை ஒன்பதாவது சுற்றில் வீழ்த்தினார். 1962 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில், இன்னும் காசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலி நாலாவது சுற்றில் முடித்தார். இரண்டு பேருடைய பட்டியலிலும் ஒரே பெயர். ஆள் ஒருவர்தானா? மார்சியானோ சந்தித்த மூர் அடுத்த எடைப்பிரிவின் நடப்பு உலக சாம்பியன். இரண்டாவது சுற்றில் மார்சியானோவையே கீழே தள்ளியவர். கிளே சந்தித்த மூர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், போதாக்குறைக்குக் கிளேக்கே சில நாள் பயிற்சி கொடுத்தவர். எத்தனை வயது என்று சரியாகச் சொல்லவும் முடியாது. அவர் 1916-இல் பிறந்ததாகச் சொன்னார். பெற்ற தாய் 1913 என்றார். தாய் சொன்னதைத்தான் நம்புவேன்.

தாய் கணக்குப்படி 1955-இலேயே மூருக்கு 41. இதை வைத்துத்தான் மார்சியானோவின் 49-0 சாதனையைச் சிலர் தட்டிவிடுகிறார்கள்: அவரிடம் தோற்றபோது ஜோ லூயிசுக்கு 37, வால்காட்டுக்கு 38, மூருக்கு 41, எல்லாம் கிழங்கள் என்று. வயதை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் மூர் அதற்குப் பிறகும் பல வருஷம் தன் பிரிவில் பட்டத்தோடு இருந்தார். 1958-இல் துரெல் என்பவரிடம் நாலு தடவை தரையில் விழுந்து, எழுந்து வந்து 11-ஆவது சுற்றில் அவரைச் சாய்த்தார். மூன்று வருஷம் கழித்து இதைச் செய்யத் தெம்பிருந்தவர் 1955-இல் எப்படிக் கிழவர் ஆவார்? வால்காட் 1952-இல் மார்சியானோவை முதல் சுற்றிலேயே விழுத்தாட்டி, 12 சுற்று வரை புள்ளியில் முந்தி நின்றவர். இவர்களை முழு எடைக்கே எழுத வேண்டும். அதே பட்டியலில் மிகப் பெரிய பெயரான ஜோ லூயிஸை நான் அடித்துவிடுவேன். வரி பாக்கிக்காகத் திரும்பி வந்து 1951-இல் நின்றவர் அவர். பெயர் மலை; அன்றைக்கு வந்தது நிழல்.

லூயிஸே இந்த வழக்கத்தால் அடிபட்டவர்தான். 12 வருஷம் பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தவர். 1940 கடைசியிலிருந்து ஏழெட்டு மாதம் அடுத்தடுத்து ஆளை மாற்றி மோதியபோது, பத்திரிகைக்காரர்கள் மாசத்துக்கு ஒரு சோப்ளாங்கி என்று கேலி பேசினார்கள். அந்த வரிசையிலே வந்த பட்டி பேர் லூயிஸைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். 1941 ஜூனில் வந்த பில்லி கான், எடையில் 25 பவுண்டுக்கு மேல் குறைந்தவர், 12 சுற்று வரை முந்தியிருந்தார், 13-இல் விழுந்தார். கேலி பேசியவர்கள் கானைச் சோப்ளாங்கி என்று சொல்லவில்லை. ஏன்? கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டாரே! இரண்டு சுற்றில் விழுந்திருந்தால் அவரும் சோப்ளாங்கிதான். சாம்பியன் சுலபமாக அடித்தால் எதிராளி மட்டம். சிரமப்பட்டு அடித்தால் சாம்பியன் மட்டம். இந்தத் தராசில் எந்தத் தட்டில் ஏறினாலும் நஷ்டம் சாம்பியனுக்கே.

சோனி லிஸ்டனுக்கும் நடந்தது இதுதான். 1964 பிப்ரவரி 25 வரை அவர் அசைக்க முடியாத பூதம். பேட்டர்சனை இரண்டு முறை முதல் சுற்றிலேயே முடித்தவர். கிளேக்குப் பந்தயம் கட்ட ஆள் இல்லை. ஏழுக்கு ஒன்று என்ற விலை. ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் எழுந்து வராமல் முக்காலியிலேயே உட்கார்ந்துகொண்ட மறுநாள் காலை, அவர் எப்போதோ வயதாகிப்போனவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அலி ரசிகன் என்பதால் அவருக்குச் சலுகை தரவும் மனசு வரவில்லை. அவருடைய ஆட்டத்திலேயே அழகானது எது என்று கேட்டால் பாதிப் பேர் 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸோடு மோதியதைச் சொல்வார்கள். படத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் வில்லியம்ஸை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் வயிற்றில் சுட்டிருந்தார். ஒரு சிறுநீரகம் போய்விட்டது. அந்த உடம்போடு நின்றவரைத்தான் அலி மூன்று சுற்றில் முடித்தார். நடனத்துக்கு முழு மார்க் போடலாம், வெற்றிக்குப் போட மாட்டேன்.

பீடிக் கடையில் கட்டு வாங்குகிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று புரியும். சாச்சி சுற்றிக்கொண்டுபோன கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக விரலில் உருட்டி, சரியில்லாததைத் தனியே கழித்துப் போடுவார் கடைக்காரர். அவர் கண் தேர்ந்த கண்தான். ஓட்டை பீடியை அது தவறவிடாது. ஆனால் கழித்ததற்குக் கூலி கிடையாது. நல்ல பீடியும் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று சாச்சி கேட்டுப் பார்த்திருக்கிறார், பதில் வந்ததில்லை. எதிராளியின் தரம் பேசுகிறவர்கள் பலரும் இப்படித்தான். கண் இருக்கிறது, கழித்தால் லாபமும் இருக்கிறது. தன் ஆளோடு ஒப்பிடுகிற ஆளின் கட்டிலிருந்துதான் உருவுவார்கள்.

நாமும் விதிவிலக்கில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று வென்றபோது, டிங் பல மாதமாக ஒரு முழுநேர ஆட்டத்திலும் ஜெயிக்காமல் சோர்ந்து கிடந்தவர் என்று வெளியே பேச்சு வந்தது. தமிழ்நாட்டுக்கே கோபம் வந்தது. எனக்கும்தான். ஆனால் விஜேந்தருக்கு எதிரே வந்தவர்களைத் தராசில் போட்ட அதே கையோடு டிங்கையும் போட்டுப் பார்க்கத்தானே வேண்டும்? பார்த்தேன். அந்தப் பதினாலு ஆட்டத்தில் டிங் முதல் ஆட்டத்தையும் பன்னிரண்டாவதையும் ஜெயித்திருந்தார். சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த டிங், முந்தைய மாதங்களின் டிங் இல்லை. கடைசி ஆட்டத்தில் கடைசி நேரத் தவறால்தான் தோற்றார். அந்த வெற்றிக்கு அதற்குரிய எடை உண்டு.

அந்த நாளை, அந்த உடம்பைப் பார் என்ற என் கட்சிக்கும் இடிக்கிற இடம் உண்டு. லாரி ஹோம்ஸ் 1988 ஜனவரியில் 38 வயதில் மைக் டைசனிடம் நாலு சுற்றில் விழுந்தார். லூயிஸை அடித்ததுபோல இதையும் டைசன் கணக்கிலிருந்து அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதே ஹோம்ஸ் 1992-இல், 42 வயதில், அதுவரை தோற்காத ரே மெர்சரை வென்றார். அப்படியானால் 1988-இல் நின்றவர் முடிந்துபோனவரா? ஏறக்குறைய இரண்டு வருஷம் கையுறை போடாமல் இருந்து வந்தவர் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அது எனக்கே முழுசாக ஒட்டவில்லை. டைசனின் அந்த வெற்றியை அடிக்கவும் முடியாமல் முழுதாக எழுதவும் முடியாமல் பாதியில் வைத்திருக்கிறேன்.

ஹோம்ஸின் சொந்தப் பட்டியலில் மிகப் பெரிய பெயர் அலி. 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். மதராஸில் சாச்சா பார்த்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எடை குறைக்க எடுத்த தைராய்டு மாத்திரை உடம்பை உருக்கியிருந்தது. அலி பத்துச் சுற்று வாங்கிக்கொண்டே இருந்தார். பதினொன்றாவதுக்கு அனுப்பாமல் அவருடைய பயிற்சியாளர் நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார்.

சாச்சா இந்தச் சண்டையைப் பற்றிப் பேசவே மாட்டார். அவருடைய பேரன் போனில் உசிக் என்ற ஹெவிவெயிட் வீரரின் கணக்கைக் காட்டி, ஜோஷுவா ரெண்டு தடவை, ஃபியூரி ரெண்டு தடவை என்று அடுக்கினால் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் எல்லிஸ் கதையைச் சொன்னேன். அடி வாங்க வந்த ஆள் இல்லை, உலக சாம்பியனாக இருந்தவர் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மதராஸ் வந்தப்ப அவருக்கு வயசு என்ன இருக்கும்?"

"நாப்பதை ஒட்டி."

"அலிக்கு?"

"முப்பத்தெட்டு."

சுளகைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுந்தார். இந்தத் தடவை அலியாக நிற்கவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, தலையைத் தாழ்த்தி, முன்னால் ஒரு எட்டு வைத்து எல்லிஸாக நின்றார்.

"இப்படி வந்தாரு. காலு நல்லாத்தான்லே இருந்துச்சு."