நூருன்னிஸா: புதினமும் அமானத்தும்

போர்க்கால எதிர்ப்பியக்கத்தில் பங்கேற்ற பெண்ணை வரலாற்றுப் புதின ஆசிரியர்கள் விரும்பித் தேடுவதற்குக் காரணம் உண்டு. அவள் பெயரை மாற்றிக் கொண்டு வாழ்ந்தவள், கடிதங்களை எரித்தவள், உடனிருந்தோரும் அவளை முழுமையாக அறியார். ஏட்டில் இருப்பதைக் காட்டிலும் இல்லாததே மிகுதி. அந்த வெற்றிடம் எழுதுவோரை அழைக்கிறது. அதனை அவர்கள் எதைக் கொண்டு நிரப்புகின்றனர் என்பதே நமது கேள்வி.

இக்கேள்வியை நாம் நூருன்னிஸா இனாயத் கானை முன்வைத்து எழுப்புகிறோம். இந்திய வம்சாவளியினரான கனடிய எழுத்தாளர் ஷானா சிங் பால்ட்வின் இப்பெண்மணியை நாயகியாகக் கொண்டு 'தி டைகர் க்ளா' (புலிநகம்) என்னும் ஆங்கிலப் புதினத்தை 2004இல் வெளியிட்டார். கனடாவின் கில்லர் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஈராண்டுகளுக்கு முன்னர், 2002இல், லோரான் ஜோஃப்ரன் பிரெஞ்சு மொழியில் ஒரு புதினம் எழுதியிருந்தார். ஷ்ரபானி பாசுவின் ஆய்வு நூல் 2006இல்தான் வந்தது. வாழ்க்கை வரலாறு இல்லாமலும் இல்லை. நூரின் தோழியான ஜீன் ஓவர்டன் ஃபுல்லர் 1952இலேயே 'மேடலின்' என்ற நூலை எழுதியிருந்தார். எனினும் பலரை நூரிடம் அழைத்துச் சென்றவை கதைகளே.

வரலாறு உறுதியாகக் கூறுவதைச் சுருங்கக் காண்போம். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாஸ்கோவில் பிறந்தவர் நூர். தந்தை பரோடாவைச் சேர்ந்த இசைவாணரும் சூஃபியுமான ஹஜ்ரத் இனாயத் கான். தாய் ஓரா ரே பேக்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பின்னர் அமீனா பேகம். பாரிஸை அடுத்த சுரேன் நகரில் 'ஃபஸல் மன்ஸில்' என்ற இல்லத்தில் நூர் வளர்ந்தார். 1927இல் தந்தை தில்லியில் வஃபாத்தானார். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர் நூர். புத்தரின் ஜாதகக் கதைகள் இருபதை அவர் மறுகூறல் செய்த நூல் 1939இல் லண்டனில் வெளிவந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபொழுது குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. அவ்வாண்டு நவம்பரில் விமானப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். 1943 ஜூன் 16ஆம் நாள் இரவு சிறு விமானமொன்றில் பிரான்சில் இறக்கப்பட்டார். பிரிட்டனின் இரகசியச் செயற்பாட்டு அமைப்பு அந்நாட்டுக்கு அனுப்பிய முதற் பெண் வானொலித் தந்தியாளர் இவரே. சில நாட்களிலேயே அவர் சேர்ந்த வலையமைப்பு சிதைந்தது. திரும்பி வருமாறு லண்டன் கூறியும் மறுத்தார். அக்டோபர் நடுவில் காட்டிக் கொடுக்கப்பட்டுக் கைதானார். தப்ப முயன்று பிடிபட்டபின் ஜெர்மனியின் ப்ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் சங்கிலியிட்டுத் தனிமையில் அடைக்கப்பட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று தாஹாவ் முகாமில் வேறு மூன்று பெண்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. பிரிட்டன் 1949இல் ஜார்ஜ் கிராஸ் விருதை அளித்தது.

இனிப் புதினத்துக்கு வருவோம். சிறைக்கூடத்தில் விலங்குடன் அமர்ந்திருக்கும் நூர், பிறவாத தன் குழந்தையின் ஆன்மாவை விளித்து எழுதுவதாகக் கதை தொடங்குகிறது. அவள் ஒரு யூத இசைக்கலைஞனை நேசித்தவள். குடும்பத்தார் அத்திருமணத்தைத் தடுத்தவர்கள். அந்த ஆர்மான் இப்போது ட்ரான்சி முகாமில் அடைபட்டிருக்கிறான். அவனைக் கண்டடையவே நூர் ஒற்றர் பணியை ஏற்றுப் பிரான்சுக்குத் திரும்புகிறாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். பால்ட்வின் மலிவான எழுத்தாளர் அல்லர். நூரை முஸ்லிம் பெண்ணாகவே எழுதுகிறார். அவளது நம்பிக்கையைக் கதையின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கவில்லை. நாஜிகளை எதிர்க்கும் அதே பிரிட்டனும் பிரான்சும் தத்தம் காலனி மக்களை நடத்திய விதத்தையும் மறைக்கவில்லை. விலங்கிடப்பட்ட ஒரு முஸ்லிம் கைதியின் குரலில் எழுதப்பட்ட இந்நூலை 2004இல் வாசித்தவர்க்குக் குவாண்டனாமோ நினைவில் எழாதிருந்திருக்க முடியாது. அந்த அளவில் இது துணிவான நூல்.

குறை அதன் அச்சாணியில் இருக்கிறது. நூருக்கு யூத இசை மாணவர் ஒருவருடன் திருமண உறுதி இருந்தது மெய். குடும்பம் அதனை விரும்பாததும் மெய். ஆயின், இங்கிலாந்துக்குச் செல்வதற்குள் அவ்வுறவு முடிந்துபோயிற்று என்றே வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவர் போரில் இறங்கியதற்கான காரணத்தையோ நாம் ஊகிக்க வேண்டியதில்லை. உயிர்க்கொலை கூடாதெனும் போதனையில் வளர்ந்த நூரும் அவர் தம்பி விலாயத்தும் 1940இல் ஒன்றாக அமர்ந்து, நாஜிகளின் கொடுமை கண்முன் நிகழும்போது தாங்கள் ஒதுங்கியிருத்தல் தகுமா என்று ஆலோசித்து முடிவெடுத்தனர். 2004 வரை வாழ்ந்த விலாயத்தே இதற்குச் சாட்சி. உடனிருந்தவர், கேட்டவர், நம்பத்தகுந்தவர். ஹதீஸ் கலையின் மொழியில் கூறுவதாயின் தொடர் அறுபடாத அறிவிப்பு. இவ்வளவு வலுவான ரிவாயத் இருக்கையில் அதனைப் பின்தள்ளி ஒரு காதலனை முன்னிறுத்துவானேன்?

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இது பழைய வழக்கு. ஜுர்ஜி ஸைதான் (1861-1914) இஸ்லாமிய வரலாற்றை வரிசையாகப் புதினங்களாக்கினார். தம் எழுத்தில் வரலாறே கதையை ஆளும், கதை வரலாற்றை ஆளாது என்று அவர் உறுதி கூறியதும் உண்டு. எனினும் ஏறத்தாழ ஒவ்வொரு நூலிலும் கற்பனைக் காதல் இணையொன்று நடுவீட்டில் குடியேறிவிடும். 'அல்-ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப்' என்ற புதினத்தின் களம் மக்கா முற்றுகை. ஹிஜ்ரி 73இல் நிகழ்ந்த அம்முற்றுகையின் நடுநாயகமாக நிற்கும் பெண் யார்? அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி). நூறு வயதை எட்டிய தாய். தம் மகன் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களைச் சத்தியத்தின் மீது உறுதியாக நில் என்று மரணத்துக்கு வழியனுப்பியவர். பின்னர் ஹஜ்ஜாஜின் முகத்துக்கு நேரே பேசியவர். இளமையில் அவர் செய்ததையும் சீரா நூல்கள் பதிந்துள்ளன. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களின் பயண உணவைக் கட்டத் தம் கச்சையை இரண்டாகக் கிழித்தார். தந்தை எங்கே என்று கேட்ட அபூஜஹ்லிடம் வாய் திறவாமல் அறை வாங்கினார். எதிர்ப்பியக்கத்தின் தூதுப்பெண் என்றால் இவரைவிட யார்? இவரது எழுபதாண்டு உறுதியைக் கதையாக்க ஒரு காதலன் தேவைப்படவில்லை. ஆனால் ஸைதானின் வாசகருக்குத் தேவைப்பட்டது. அல்லது தேவைப்படும் என்று ஸைதான் எண்ணினார்.

ஆண் போராளியைக் கதையாக்குவோர் அவன் நாட்டுக்காகவோ கொள்கைக்காகவோ சென்றான் என்றால் வாசகர் நம்புவர் என்று துணிகின்றனர். பெண் விஷயத்தில் அந்தத் துணிவு வருவதில்லை. நெருப்பெரிச்சலில் ஞாயிறுதோறும் நாம் நடத்தும் பெண்கள் வகுப்பில் இப்புதினத்தின் கதையை ஒருமுறை கூறினோம். வருவோரிற் பலர் வாரம் முழுவதும் பனியன் கம்பெனியில் தைப்பவர்கள், பிசிறு வெட்டுபவர்கள். கதை முடிந்ததும் செக்கிங் வேலை செய்யும் பெண்ணொருத்தி கேட்டாள்: "ஹஜ்ரத், அவங்க மனசாட்சிக்காகப் போனாங்கன்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்களா?" அன்று நாம் ஏதோ கூறிச் சமாளித்தோம். இக்கட்டுரை ஒருவகையில் அவளுக்கான பதில்.

ஆனால் பதிலைப் புதின ஆசிரியர்களோடு நிறுத்திக் கொள்வது நேர்மையாகாது. நம்மவர் வெளியிட்ட சிறு பிரசுரமொன்று சில ஆண்டுகளுக்கு முன் நம் கைக்குக் கிடைத்தது. அதில் நூர் 'திப்பு சுல்தானின் பேத்தி'. தாய் அமெரிக்கர் என்பது இல்லை. யூத இளைஞருடனான திருமண உறுதி இல்லை. ஜாதகக் கதைகள் இல்லை. இசை இல்லை. அங்கு எஞ்சியிருப்பவர் நம் மேடைக்கு ஏற்றவாறு அலங்கரிக்கப்பட்ட ஒருவர். பால்ட்வின் தாம் புனைவு எழுதுவதாகச் சொல்லிப் புனைந்தார். நம் பிரசுரமோ வரலாறு என்ற பெயரில் புனைந்தது. இவற்றுள் எது கூடுதல் குற்றம் என்பதை ஹதீஸ் அறிஞர்களிடம் கேட்டால் தயக்கமின்றி விடை தருவர். மக்களைக் கவர்வதற்காக நற்செய்திகளை இட்டுக்கட்டிய கதைசொல்லிகளை விமர்சிக்க இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) தனி நூலே எழுதினார். நல்ல நோக்கம் அவர்களுக்குச் சாக்காக ஏற்கப்படவில்லை.

திப்பு உறவைப் பற்றியும் ஒரு சொல். இனாயத் கானின் தாய்வழிப் பாட்டனார், பரோடாவின் புகழ்பெற்ற இசை மேதை மௌலா பக்ஷ். அவருடைய மனைவி காசிம் பீ திப்புவின் வழியில் வந்தவர் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது. 1806 ஜூலையில் அங்கு வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. அதே 1799 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்த கொங்கு நாட்டில் வாழும் நமக்கு இவ்வுறவு இனிப்பதில் வியப்பில்லை. ஆயினும் அது பெண்வழியாகப் பல தலைமுறை கடந்த செய்தி. 'பேத்தி' என்று சுருக்கிவிடக் கூடாது.

அச்செய்தியில் உண்மையிலேயே சுவையான முரண் வேறொன்று. திப்புவைக் கொன்ற பேரரசின் சீருடையை அவர் வழித்தோன்றல் அணிந்தார். போர் முடிந்தபின் இந்திய விடுதலையை ஆதரிப்பேன் என்பதையும் விமானப்படை அதிகாரிகளிடமே மறைக்காமல் கூறினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவர் பாரிஸில் கைதான அதே 1943 அக்டோபரில், 22ஆம் நாள், சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அதில் சேர்ந்தோரில் பலர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். ஒரே மாதம், எதிரெதிர் அணிகள், இரு சாராருக்கும் இந்திய விடுதலை நாட்டம். நல்ல புதின ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய கரு எது? இதற்குக் காதல் தேவையில்லை.

நூரின் பிழைகளும் அவ்வாறே. பொய் கூற வராதவர் என்று பயிற்சியாளர்கள் குறைப்பட்டுக் கொண்டனர். தாம் அனுப்பிய செய்திகளின் படிகளை ஒரு குறிப்பேட்டில் பேணி வந்தார்; கைதானபோது அதுவும் ஜெர்மானியரிடம் சிக்கியது. அவரது வானொலியை அவர்களே இயக்கி லண்டனை ஏமாற்றினர். அதன் விளைவாக வேறு உயிர்களும் பலியாயின. விசாரணையில் வாய் திறவாத அதே பெண்ணின் கவனக்குறைவு இது. பிரசுரங்கள் இதைத் தொடுவதேயில்லை. அறிவிப்பாளரின் நேர்மை வேறு, நினைவும் கவனமும் வேறு என்று பிரித்து அறிந்த 'ஜர்ஹு தஃதீல்' மரபினருக்கு இதில் கூச்சம் எதற்கு?

இறுதித் தருணத்தைக் குறித்துப் பரவியுள்ள செய்திகளில் நிதானம் தேவை. சுடப்படுமுன் கொடூரமாக அடிக்கப்பட்டார் என்பது 1958இல் பெயர் வெளியிடாத டச்சுக் கைதி ஒருவர் கூறியது. நமது கலைச்சொல்லில் 'மஜ்ஹூல்'. அவர் இறுதியாக 'விடுதலை' என்று பிரெஞ்சில் முழங்கினார் என்ற செய்திக்கும் உறுதியான தொடர் இல்லை. படங்களும் கதைகளும் இதனையே உச்சக் காட்சியாக்குகின்றன.

உறுதியான தொடர் உள்ளது எங்கே என்றால், சிறைத் தட்டில். போருக்குப் பின் காணாமற்போன பெண் முகவர்களைத் தேடி வீரா அட்கின்ஸ் என்ற அதிகாரி ஜெர்மனி சென்றார். சிறைக் காவலர், முகாம் அலுவலர், எஞ்சிய கைதிகள் என ஒவ்வொருவராக விசாரித்தார். ஒரேயொரு ஹதீஸைக் கேட்க ஒரு மாதத் தொலைவு பயணம் செய்த ஜாபிர் (ரலி) அவர்களின் நினைவே நமக்கு வருகிறது. நூர் நாட்ஸ்வைலர் முகாமில் இறந்ததாகவே அட்கின்ஸ் முதலில் முடிவு செய்தார். அது தவறு, அங்கு இறந்தவர் வேறொரு பெண். 1947இல்தான் ப்ஃபோர்ட்ஸ்ஹைம் சிறைச் சாட்சியங்களால் உண்மை திருத்தப்பட்டது. அச்சிறையில் கைதிகள் உணவுத் தட்டின் அடிப்பாகத்தில் எழுத்துகளைக் கீறி ஒருவர்க்கொருவர் செய்தி அனுப்பிக் கொண்டனர். மற்றொரு அறையிலிருந்த பிரெஞ்சுப் பெண் கைதி, தமக்கு வந்த தட்டில் நூர் கீறியிருந்ததைப் படித்தார்.

பால்ட்வினின் நூர் தாளில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். மெய்யான நூருக்குத் தாள் இல்லை, கையில் விலங்கு. அவர் தட்டில் எழுதியது கவிதையுமன்று, காதலுமன்று. ஒரு பெயரும் முகவரியும். பெயர்: நோரா பேக்கர். தாயின் குடும்பப் பெயர். நம் பிரசுரம் நீக்கிவிட்ட அதே தாய். முகவரி: 4, டாவிட்டன் தெரு, லண்டன். தாயார் குடியிருந்த வீடு. அவ்வீட்டின் சுவரில் 2020 ஆகஸ்டில் நூரின் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.